பின்லாந்துக்காரர் கையைத் தூக்கினார்

திருமங்கலம் வந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் சார். இந்த பஸ் ஊருக்குள் போய்த்தான் போகும். விசாரித்துத்தான் ஏறினேன். போன புதன்கிழமையும் விசாரித்துத்தான் ஏறினேன். அதற்கு முந்தின புதன்கிழமையும் அப்படித்தான். இரண்டு தடவையும் திருமங்கலத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டு மதுரையில் போய் இறங்கினேன். தூங்கவில்லை. நன்றாக விழித்துக்கொண்டுதான் இருந்தேன். அதே கண்டக்டர்தான் இன்றைக்கும். அதனால்தான் அந்தப் பக்கம் திரும்பாமல் உங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டு வருகிறேன். தப்பாக நினைக்காதீர்கள்.

பின்லாந்து என்று ஒரு நாடு இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். எனக்கு அந்த நாட்டின்மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. ஆனால் கோவில்பட்டியில் பத்தொன்பது வருடம் நான் கட்டிக்காத்த மரியாதை, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கும் ஏழரை மணிக்கும் நடுவில் போனது. போனதற்குக் காரணம் அந்த நாடுதான்.

என் பெயர் சீனிராஜ். நூற்பாலையில் ஸ்டோர்ஸ் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அது பிழைப்பு. மற்றபடி நான் கரிசல் திரைப்படக் கழகத்தின் செயலாளர். மாதம் ஒரு உலகப் படம் போடுவோம். பஜாரில் ஒரு மாடி மண்டபம், ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி, நாற்பது நாற்காலி. நாற்பதும் நிறைந்ததில்லை. அது இருக்கட்டும்.

கழகத்துக்கு ஒரு மைக் உண்டு. படத்துக்கு முன்னால் கதைச்சுருக்கம் சொல்வது நான். படம் முடிந்ததும் கலந்துரையாடலில் முதலில் பேசுவதும் நான். பத்தொன்பது வருடத்தில் அந்த மைக் வேறு ஒருவர் கைக்குப் போனதில்லை. யாராவது கேள்வி கேட்டால், நான் அவர்கள் வாய்க்கு நேராகப் பிடிப்பேன். கையில் கொடுக்கமாட்டேன். கொடுத்தால் திரும்பி வராது சார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது.

மே மாதத்துக்கு வந்தது இந்த பின்லாந்துப் படம். சென்னையில் இருந்து டிஸ்க் வந்தது. கூடவே அரைப்பக்கக் குறிப்பு. ஒரு திருநங்கையின் வாழ்க்கையைச் சொல்லும் படம், பனி பெய்யும் ஏரிக்கரை, தந்தைக்கும் அவருக்குமான உறவு, அவ்வளவுதான் இருந்தது. படத்தை நான் முன்கூட்டிப் போட்டுப் பார்க்கவில்லை. பார்க்கமாட்டேன். அது என் கொள்கை. பார்வையாளர்களோடு சேர்ந்து வியக்க வேண்டும்.

எங்கள் துணைச் செயலாளர் எமிலி டீச்சர். நல்ல பெண்மணி, ஆனால் யோசனை சொல்லிக்கொண்டே இருப்பார். "சார், படம் அவங்களப் பத்தினது. அவங்களக் கூப்பிடாம நாம மட்டும் உக்காந்து பாத்தா நல்லாவா இருக்கும்? திருமங்கலத்துல ஒரு சங்கம் இருக்கு, நான் பேசிருதேன்" என்றார். நானும் சரி என்றேன். இதில் எனக்கு முற்போக்கான பார்வைதான். 'அவர்களும் மனிதர்களே' என்று ஒரு வரவேற்புரை எழுதினேன். மூன்று பக்கம். முதலியார் ஒருவர் கழகத்தில் இருக்கிறார், தமிழாசிரியர், அவரிடம் படித்துக் காட்டினேன். கண் கலங்கினார். வெயில் என்றும் சொல்லலாம்.

ஐந்து பேர் வந்தார்கள். டீச்சர் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லச் சொல்ல, நான் சால்வை போர்த்த வேண்டும். முதல் நான்கு பேருக்குப் போர்த்தினேன். "அடுத்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெஸ் நடத்திவரும் ரேணுகா அவர்கள்" என்றார். சால்வையை விரித்துத் தோளில் போடும்போதுதான் பார்த்தேன். இடது புருவத்தில் ஒரு தழும்பு. எனக்கு அந்தத் தழும்பு தெரியும் சார். நான் விட்ட பம்பரம் பட்டு வந்தது.

"நல்லாருக்கீகளா அண்ணே?" என்றாள், மெதுவாக.

நான் மைக்கில் "நன்றி" என்றேன்.

ஆமாம். என் தம்பி. தம்பியாக இருந்து, இப்போது தங்கை. எனக்கு வாய் பழகவில்லை, மனசில் ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கவில்லை. அவள் போனதில் எனக்குப் பங்கு எதுவும் கிடையாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சாத்தூர் தாண்டிவிட்டோமா? இன்னும் இல்லையா? சரி.

எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம். இடது கை, இடது கால், பேச்சு, மூன்றும் போய்விட்டன. வலது கையைத் தூக்குவார், 'ம்' என்பார். அந்த 'ம்' வீட்டில் எனக்கு மட்டும்தான் விளங்கும். என் மனைவிக்குக்கூடப் பிடிபடவில்லை. டாக்டர் வந்தாலும் என்னைத்தான் பார்ப்பார், "ஐயா என்ன சொல்றாங்க?" நான் சொல்வேன், தண்ணீர் கேட்கிறார், விசிறச் சொல்கிறார், பேத்தியைக் கூப்பிடுகிறார். தண்ணீரைக் கொடுத்தால் சில சமயம் தட்டிவிடுவார். நோயாளிகள் அப்படித்தான்.

ரேணுகா அதற்கு நான்கு வருடம் முன்னால் பூனா போனவள். வருகிறேன் என்று கடிதம் போட்டிருந்தாள். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தேன், சேலை கட்டிக்கொண்டுதான் வருவேன் என்றது உட்பட. அவள் வருவதாகச் சொன்ன அன்றைக்கு அப்பா விடிந்ததும் அடம், சவரம் செய்ய ஆளைக் கூப்பிடச் சொல்லி. இருந்த இருப்பில் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துக் காட்டுகிறார். பெட்டியில் இருந்த வெள்ளைச் சட்டையை வேறு மாட்டிவிட வேண்டும். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வயதானவர்களுக்கு ஒரு நாள் அப்படித் தோன்றும்.

பதினொரு மணி இருக்கும். பச்சைச் சேலை. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிறாள். தெருவில் எதிர்வீட்டுச் சன்னல், பக்கத்து வீட்டுச் சன்னல், எல்லாம் திறந்திருக்கிறது. அப்பா கட்டிலில் சாய்ந்திருக்கிறார். அவளைப் பார்த்தார். வலது கையைத் தூக்கினார். 'ம்' என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும்தான்.

நான், "போகச் சொல்றாரு" என்றேன்.

இப்படித்தான் தூக்கினார் சார். பாருங்கள், என் கையை. இப்படி. உள்ளங்கை கீழே பார்த்து, விரல் லேசாக ஆடுகிறது. நீங்களே சொல்லுங்கள், இது 'போ' மாதிரி இல்லையா? இப்படி ஆட்டினால் 'வா'. இப்படி ஆட்டினால் 'போ'. அவருக்கு ஆட்டவே தெம்பு இல்லை. நடுவில் நின்றது. நடுவில் நின்றதற்கு யாராவது ஓர் அர்த்தம் சொல்லித்தானே ஆக வேண்டும்?

அவள் போய்விட்டாள். அதன்பிறகு அப்பா ஒன்றரை மாதம் என் கையால் சாப்பிடவில்லை, மனைவிதான் ஊட்டினாள். அது நோயின் குணம். அதோடு போய்ச் சேர்ந்தார்.

படத்துக்கு வருகிறேன். படம் ஆரம்பித்தது. பனி. ஏரி. ஒரு பெண் பஸ் ஓட்டுகிறாள். பிறகு ஊருக்கு வருகிறாள். ஒரு கிழவர் கதவைத் திறக்கிறார். இருவரும் காபி குடிக்கிறார்கள். இருபத்தைந்து நிமிடம் ஒரு பயல் வாயைத் திறக்கவில்லை சார், அந்த நாட்டில். நான் மிகவும் ரசித்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறாவது நிமிடம் கிழவர் ஏதோ சொன்னார். கீழே எழுத்து வரவில்லை. இன்னொரு தடவை சொன்னார். அப்போதும் வரவில்லை.

அந்த டிஸ்க்கில் இங்கிலீஷ் எழுத்தே இல்லை. இருபத்தைந்து நிமிடமாக அது யாருக்கும் தெரியவில்லை, என்னையும் சேர்த்து.

சபையில் சலசலப்பு. டீச்சர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். விருந்தினர்கள் ஐந்து பேர் சால்வையோடு உட்கார்ந்திருக்கிறார்கள், மே மாத வெயிலில். நிறுத்தினால் மானம் போய்விடும். நான் மைக்கை எடுத்தேன். "அன்பர்களே, கதையை நான் சொல்லிக்கொண்டே வருகிறேன்" என்றேன். பழக்கம் இருந்ததே சார். எத்தனை வருடம் அப்பாவுக்குச் சொன்னவன்.

படத்தில் ஒரு தபால்காரி வருவாள். ஆறடி உயரம், அகலமான தோள், கரகரத்த குரல். எனக்கு உடனே விளங்கிவிட்டது. "இதோ வருகிறார் நம் கதாநாயகி. சமூகத்தால் புறக்கணிக்கப்பட்ட திருநங்கை. கடிதம் கொடுக்கிறார், ஆனால் அவருக்குக் கடிதம் எழுத யாருமில்லை" என்றேன். நல்ல வரி. முதலியார் 'ச்' கொட்டினார். அதற்கப்புறம் தபால்காரி எப்போது வந்தாலும் உருக்கமாக ஏதாவது சொல்வேன். சைக்கிள் மிதித்தால், "வாழ்க்கைப் பாதையில் தனியாக". நாய் குரைத்தால், "நாய்கூட".

கடைசி வரிசையில் ஒருத்தி சிரிக்கிறாள். அடக்கி அடக்கிச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டுச் சிரிப்பு சார், மூக்கால் வரும். அப்பாவுக்கும் அதுதான்.

நாற்பது நிமிடம் இப்படிப் போனது. அப்புறம் அந்த பஸ் ஓட்டுகிற பெண், அலமாரியில் இருந்து ஒரு பழைய போட்டோவை எடுக்கிறாள். ஒரு பையன், கையில் மீன். கண்ணாடி முன்னால் நின்று, அந்தப் போட்டோவைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள். அதே கண், அதே மூக்கு. மண்டபம் முழுக்க "ஓ" என்றது.

எமிலி டீச்சர் எழுந்து, "சார், தபால்காரம்மாவ விட்டுருங்க. அவுக பாவம், தபால்தான் குடுக்க வந்தாக" என்றார்.

எப்படிச் சிரித்தார்கள் தெரியுமா? நான் உறுப்பினராகச் சேர்த்தவர்கள், சார். நான் படிவம் நிரப்பிக் கொடுத்தவர்கள்.

பரவாயில்லை என்று தொடர்ந்தேன். அந்த ஊரில் வீட்டுக்கு வெளியே மரத்தால் ஒரு சிறிய குடில் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே அடுப்பு, அடுப்பின்மேல் கல். கல் காய்ந்ததும் தண்ணீரை ஊற்றுவார்கள், ஆவி வரும், குடும்பத்தோடு உட்கார்ந்து வேர்ப்பார்கள். அதுதான் குளியல். "இதுக்கு எதுக்கு தனியா வீடு கட்டுதான்? நம்ம மண்டபத்துக்கு வந்தாப் போதுமே" என்று யாரோ சொன்னார்கள். உண்மைதான். ஃபேன் சத்தம் போடும் என்று நான்தான் நிறுத்தி வைத்திருந்தேன்.

மகள் வந்த நாளில் இருந்து கிழவர் அந்தக் குடிலுக்குத் தனியாகப் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். அவள் வெளியே பனியில் நிற்பாள். படத்தில் இருக்கிற பிரச்சினையே அதுதான், என் அறிவுக்கு எட்டியவரை. ஒரு கட்டத்தில் அவள் பெட்டி கட்டிவிட்டாள். அடுத்த காட்சி. கிழவர் விறகு சுமக்கிறார். மூன்று நடை. தீ மூட்டுகிறார். புகை போகிறது. வீட்டு வாசலுக்கு வந்து, பெட்டியோடு நிற்கும் மகளைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறார். சொல்லிவிட்டுக் கையைத் தூக்குகிறார்.

கையை. இப்படி.

எல்லோரும் என் குரலுக்குக் காத்திருக்கிறார்கள். நான் சொன்னேன், "வெளியே போ, என்று தந்தை கர்ஜிக்கிறார்."

"இல்லண்ணே."

ரேணுகா எழுந்துவிட்டாள். நாற்காலிகளுக்கு நடுவே வருகிறாள். "அவரு போகச் சொல்லல. அந்த மைக்க இங்க குடுங்க." நான் வழக்கம்போல அவள் வாய்க்கு நேராகப் பிடித்தேன். அவள் என் கையில் இருந்து உருவிக்கொண்டாள். வெடுக்கென்று அல்ல, குழந்தை கையில் இருந்து கத்தரிக்கோலை வாங்குவோமே, அப்படி.

"போன்னு சொல்றவரு எதுக்குங்க மூணு நட வெறகு சொமக்காரு? அவரு தோளப் பாருங்க. ரெண்டு துண்டு கெடக்கு. ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு துண்டு? குளிக்கக் கூப்பிடுதாரு" என்றாள்.

எல்லோரும் பார்த்தார்கள். தோளில் இரண்டு துண்டு இருந்தது சார். ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் தோளைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பின்னாலேயே போனாள். குடிலின் கதவு திறந்தே இருந்தது. ஒரே கைதட்டல். மிச்சப் படத்தை அவள்தான் சொன்னாள். பாதி நேரம் சொல்லவுமில்லை, "இப்பப் பேசாமப் பாருங்க" என்றாள். மைக்கை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதற்கு எதற்கு மைக்?

கலந்துரையாடல் ஒரு மணி நேரம். எல்லாக் கேள்வியும் அவளிடம். பூனாவில் பத்துப் பாத்திரம் தேய்த்தது, மெஸ் ஆரம்பித்தது, வீடு வாடகைக்குக் கேட்டால் என்ன சொல்வார்கள், இப்படி. சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். என் வரவேற்புரை பைக்குள்ளேயே இருந்தது. கடைசியில் மைக்கை என்னிடம் நீட்டினாள். நீட்டும்போது அதை அணைக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அப்பா அன்னைக்கு என்ன சொன்னாரு?"

மண்டபம் முழுக்கக் கேட்டது.

நான், "கலந்துரையாடலில் படத்தைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டுமே அனுமதி" என்றேன்.

விதி சார் அது. விதிமுறை எட்டு. நானே எழுதியது.

அவள் மூக்கால் சிரித்தாள். "சரிண்ணே, மெஸ் பக்கம் வாங்க" என்று சொல்லிவிட்டு மற்ற நால்வரோடு படி இறங்கிப் போனாள்.

மறுநாள் செயற்குழு. ஜூன் மாதப் படத்துக்கும் ரேணுகாவையே பேச அழைப்பது என்று தீர்மானம். பத்துப் பேர் கை தூக்கினார்கள். அந்தக் கைகளுக்கெல்லாம் அர்த்தம் தெளிவாக இருந்தது. செயலாளர் நேரில் போய் அழைக்க வேண்டும் என்பது கழகத்தின் வழக்கம். அதையும் நான்தான் கொண்டுவந்தேன். "மைக்கையும் கையோட குடுத்துட்டு வந்துருங்க சார், அவுக வீட்ல பேசிப் பழகட்டும்" என்றார் டீச்சர். ஆம்பிளிஃபயர் இல்லாமல் மைக்கை வைத்து என்ன பழகுவது? ஆனால் வாதாடவில்லை. மேலே இருக்கிறது பாருங்கள், அந்த ரெக்ஸின் பை. அதில்தான் இருக்கிறது. பழைய பனியனில் சுற்றி வைத்திருக்கிறேன்.

விருதுநகர் எப்போது போனது? நீங்கள் சொல்லவே இல்லையே.

போன இரண்டு புதனும் என்ன நடந்தது என்றால், டீச்சர் முன்கூட்டியே அவளுக்குப் போன் போட்டுவிட்டார், நான் இந்த பஸ்ஸில் வருவதாக. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேதான் மெஸ். பஸ் திரும்பும்போது வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். எனக்கு என்ன தோன்றியது? போ என்கிறாள் என்று தோன்றியது. வேறென்ன தோன்றும்? அவளுடைய நியாயத்தில் அதுதானே சரி? உட்கார்ந்தே இருந்துவிட்டேன். அடுத்த வாரமும் தூக்கினாள். அதே மாதிரி. அன்றைக்கும் மதுரை.

பதில் தயாராகத்தான் வைத்திருக்கிறேன். எழுதியே வைத்திருக்கிறேன், இரண்டு பக்கம். மருத்துவரீதியாக அப்பாவின் நிலைமை, தசைகளின் பலவீனம், பார்ப்பவர் எப்படிப் புரிந்துகொள்ளக்கூடும் என்பதெல்லாம். நேற்று என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "மாமா அன்னைக்குச் சவரம் பண்ணிக்கிட்டாகளே, அத எழுதலயா?" என்றாள். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றேன். அவள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு, "அதுவும் சரிதான். அந்த மனுசன் போறவளப் பாக்கத்தான் வெள்ளச் சட்ட போட்டாராக்கும்" என்றாள்.

இருபத்திரண்டு வருடமாக இதை மனசில் வைத்திருந்திருக்கிறாள் பாருங்கள். கேட்டால், "நீங்கதான அர்த்தம் சொல்றவரு, நான் யாரு" என்கிறாள்.

இரண்டு பக்கத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

என்ன, திருப்பத்தில் வேகம் குறைகிறது? வந்துவிட்டதா? அதற்குள்ளா? கண்டக்டர் வருகிறார். அவரைப் பார்க்காதீர்கள்.

"ஐயா, இன்னைக்காவது எறங்குறீங்களா, இல்ல மதுரைக்கே டிக்கெட் கிழிக்கவா? அக்கா ரெண்டு வாரமா கை வலிக்க நிக்கிறாங்க. நான் அங்கதான் சாப்பிடுறேன், எனக்குத்தான் திட்டு விழுது."

இறங்குகிறேன், இறங்குகிறேன். ஒரு நிமிடம். சார், ஜன்னல் பக்கம் இருப்பவர் நீங்கள்தானே, உங்கள் கண்ணாடி தூரத்துக்குத்தானே? நீல போர்டு, அதன் கீழே பாருங்கள். நிற்கிறாளா? கையைத் தூக்கியிருக்கிறாளா? வேண்டாம், கை என்ன சொல்கிறது என்று சொல்லாதீர்கள். கையை விடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருக்கும். அதன்மேல் டம்ளர் தெரிகிறதா? எத்தனை?

நன்றாகப் பார்த்தீர்களா?

இரண்டா?

அந்தப் பையை எடுங்கள் சார். மெதுவாக. உள்ளே மைக் இருக்கிறது.